பாட்டுக்குப் பின்னால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வானொலி வழியாகவும் பிறகு கேசட் வழியாகவும் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த பழைய ஆங்கில பாப் பாடல்களைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'இப்படிச் சொல்கிறார்களே, உண்மையா?' என்றே கேட்கின்றன. அதில் வியப்பில்லை. கடைக்காரரிடம் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வாங்கிய தலைமுறை நாம். அட்டையில் பேனாவால் எழுதப்பட்டிருந்த பாடகர் பெயரே பல நேரம் தவறாக இருக்கும். பாட்டை எழுதியவர் பெயரோ இருக்கவே இருக்காது. பெயர் தெரியாத இடத்தில் கதை வளரத்தான் செய்யும். இந்த இதழில் ஏழு கேள்விகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

*பீட்டில்ஸ் குழுவினரின் 'யெஸ்டர்டே' பாடல் பால் மெக்கார்ட்னிக்குக் கனவில் கிடைத்தது என்று படித்தேன். கனவில் ஒரு பாட்டு முழுதாக வருமா?*
— வாசகி, மதுரை

மெட்டு கனவில் வந்தது. பாட்டு வருவதற்கு அதற்குப் பிறகு பல மாதங்கள் ஆயின. அந்தப் பல மாதங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெக்கார்ட்னி அப்போது லண்டன் விம்போல் தெருவில் 57ஆம் எண் வீட்டில், தம் காதலி ஜேன் ஆஷரின் பெற்றோர் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் கண்விழித்தபோது மெட்டு முழுவதும் அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கட்டிலை ஒட்டியே ஒரு பியானோ இருந்ததால் எழுந்தவுடன் வாசித்துப் பார்க்க முடிந்தது. வாசித்ததும் அவருக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே மேலோங்கியது. அவருடைய தந்தை பழைய ஜாஸ் பாடல்களில் ஊறியவர். சிறு வயதில் வீட்டில் கேட்ட ஏதோ ஒன்றைத் தாம் இயற்றியதாக நினைத்துக்கொள்கிறோமோ என்று அஞ்சி, ஏறத்தாழ ஒரு மாத காலம் இசைத்துறையில் தெரிந்தவர்களிடமெல்லாம் அதை வாசித்துக் காட்டி, 'இதை எங்காவது கேட்டிருக்கிறீர்களா?' என்று விசாரித்தார். கீழே கிடந்த பொருளை எடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, யாரும் உரிமை கோரி வருகிறார்களா என்று காத்திருப்பதைப் போன்ற நிலை அது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருவரும் வரவில்லை.

அடுத்தது சொல் தேடும் வேலை. மெட்டு மறந்துவிடாமல் இருக்க நம் இசையமைப்பாளர்கள் 'தன்னன்னா தானன்னா' என்று தத்தகாரம் போட்டுக் கவிஞரிடம் கொடுப்பதில்லையா? மெக்கார்ட்னி போட்ட தத்தகாரம் 'ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்', நம் ஊர்ச் சொல்லில் முட்டைப் பொரியல். அதை வைத்தே அவர் அந்த மெட்டைப் பல மாதங்கள் பாடிக்கொண்டு திரிந்தார். 'ஹெல்ப்' படப்பிடிப்புத் தளத்தில் இருந்த பியானோவில் இடைவிடாமல் இதையே வாசித்துக்கொண்டிருந்ததால், இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் பொறுமையிழந்து, பியானோவையே தூக்கிவிடுவேன் என்று எச்சரித்தார். 1965 மே மாதம் போர்ச்சுகலில் விடுமுறைக்குப் போனபோது, லிஸ்பனிலிருந்து தெற்கே செல்லும் நீண்ட கார்ப் பயணத்தில்தான் உரிய சொற்கள் வந்து அமர்ந்தன. முட்டைப் பொரியல் இருந்த இடத்தில் அதே மூன்றசை அளவில் 'நேற்று' என்று பொருள்படும் சொல் வந்தது.

1965 ஜூன் 14 அன்று, இருபத்து மூன்று வயது நிறைய நான்கு நாட்கள் இருந்தபோது, மெக்கார்ட்னி தனியாகக் கிட்டார் வாசித்துக்கொண்டு இதைப் பாடினார். அதே நாளில் அதே தொண்டையால் 'ஐம் டவுன்' என்ற கூச்சல் நிறைந்த ராக் பாடலையும் அவர் பாடியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். குழுவின் மற்ற மூவருக்கும் இந்தப் பாட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்க்கலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் யோசனை சொன்னபோது, பாட்டு பாகாய் இனித்துவிடுமோ என்று மெக்கார்ட்னி தயங்கினார். தந்திகளில் அதிர்வுக் குழைவு மிகாமல் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கட்டுப்பாடுதான் இன்றும் பாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இசைத்தட்டில் மட்டும், வழக்கம்போல, லெனன்–மெக்கார்ட்னி என்று இருவர் பெயரும் இருக்கும்.

*'லெட் இட் பி' பாடலில் வரும் 'மதர் மேரி' மாதாவைக் குறிக்கிறது என்று எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பாடகர் குழுவாக அதை ஆலயத்திலும் பாடியிருக்கிறோம். அது சரிதானா?*
— வாசகர், நாகப்பட்டினம்

மெக்கார்ட்னியின் தாயாருக்கே மேரி என்றுதான் பெயர். செவிலியராகவும் பேறுகால மருத்துவ உதவியாளராகவும் வேலை பார்த்து, லிவர்பூலில் அந்தக் குடும்பத்தைத் தாங்கி நின்றவர் அவர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் புற்றுநோயால் காலமானார். மகனுக்கு அப்போது பதினான்கு வயது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பீட்டில்ஸ் குழுவுக்குள் மனக்கசப்பு முற்றி, இனி சேர்ந்திருக்க முடியுமா என்ற கவலையில் மெக்கார்ட்னி தூக்கம் கெட்டுக் கிடந்த நாட்களில், தாயார் கனவில் வந்து, எல்லாம் சரியாகிவிடும், அது போகிற போக்கில் விட்டுவிடு என்று ஆறுதல் சொன்னார். முகம் மறந்துபோய்விட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்த ஒரு மகனுக்கு அந்த முகத்தைத் தெளிவாகக் கண்டதே பெரிய நிறைவு. அந்தக் கனவிலிருந்து பிறந்த பாட்டு 1970 மார்ச்சில் வெளியாயிற்று. அடுத்த மாதமே குழு பிரிந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது.

நீங்கள் ஆலயத்தில் பாடியதில் பிழையேதும் இல்லை. கேட்பவர் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்ப இதை எடுத்துக்கொள்வதில் தமக்கு மறுப்பில்லை என்று மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பெயர் வேறு எப்படிக் கேட்கும்?

*'த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்காக எழுதப்பட்ட இரங்கல் பாடல் என்று என் பேராசிரியர் சொன்னார். என்னிடம் இருக்கும் இரண்டு பதிவுகளில் ஒன்றில் மேளம் இருக்கிறது, ஒன்றில் இல்லை. ஏன்?*
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயம்புத்தூர்

முதல் கேள்விக்குப் பாட்டை எழுதிய பால் சைமனே பதில் சொல்லிவிட்டார்: யாரும் யார் பேச்சையும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்ற இளம்பருவத்து மனப்புழுக்கம்தான் அது என்பது அவருடைய விளக்கம். வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் ஓட, ஓடு பதித்த சுவர்கள் எதிரொலிக்க, கிட்டாரோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டுவது அவர் வழக்கம். பாட்டின் தொடக்கத்தில் இருளை நண்பனாக விளிக்கும் குரலுக்கு அந்த இருட்டறைதான் பிறப்பிடம்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. மேளம் இல்லாத பதிவு முதலில் வந்தது. சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் 1964 மார்ச்சில் ஒற்றைக் கிட்டாரோடு பாடிய அது, அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான இசைத்தட்டில் இடம்பெற்று, வாங்க ஆளில்லாமல் முடங்கிப்போனது. இருவரும் பிரிந்தார்கள், கார்ஃபங்கல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தார், சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சின்னச் சின்ன நாட்டுப்பாடல் மன்றங்களில் பாடிக்கொண்டிருந்தார். இதற்கிடையே பாஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் வானொலி நிலையங்கள் இந்தப் பாட்டை ஒலிபரப்பத் தொடங்கியதைத் தயாரிப்பாளர் டாம் வில்சன் கவனித்தார். அவர் 1965 ஜூன் 15 அன்று மின்கிட்டார், பேஸ் கிட்டார், மேளக் கலைஞர்களை அழைத்து, பழைய பதிவின் மேலேயே அவர்களை வாசிக்க வைத்தார். பாடிய இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பதிவு 1966 ஜனவரி முதல் நாள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. தம் பாட்டு தமக்கே தெரியாமல் வேறு உருவம் எடுத்திருப்பதைக் கேட்ட சைமனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு அவர் ஊர் திரும்பியதும் இருவரும் மீண்டும் இணைந்ததும் அந்த மேளத்தால்தான். கேட்காமல் செய்தது முறையன்று என்று எண்ணுகிறேன். ஆனால் வில்சன் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த இருவர் பெயரும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதையும் மறுக்க முடியவில்லை. ஒற்றைக் கிட்டாருக்கு இருவர் பாடும்போது தாளம் சற்றே முன்பின்னாக நழுவும். முடிந்துபோன அந்தப் பாட்டோடு மேளக்காரர் எப்படி ஒட்டி வாசித்திருக்கிறார் என்று உங்கள் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

*டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' என்பது விபத்துக்குள்ளான ஒரு விமானத்தின் பெயரா?*
— வாசகர், வேலூர்

இல்லை. அந்த விமானத்துக்கு அப்படிப் பெயர் எதுவும் இருந்ததில்லை என்று மெக்லீனே மறுத்துவிட்ட பிறகும் இந்தக் கதை சாகாமல் இருக்கிறது.

விபத்து உண்மை. 1959 பிப்ரவரி 3 அதிகாலை, அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் ஊரில் கச்சேரியை முடித்துவிட்டுப் புறப்பட்ட சிறு விமானம் பனிமூடிய வயலில் விழுந்தது. 22 வயது படி ஹாலி, 17 வயது ரிச்சி வாலன்ஸ், 28 வயது ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூன்று பாடகர்களும் விமானியும் மாண்டார்கள். குழுவினர் அதுவரை பயணம் செய்த பேருந்தில் வெப்பமூட்டும் கருவி பழுதாகி, உறைபனியில் உடல் விறைத்துப்போனதால்தான் ஹாலி விமானத்தை அமர்த்தினார். காய்ச்சலோடு இருந்த ரிச்சர்ட்சனுக்குத் தம் இருக்கையை விட்டுக்கொடுத்தவர் ஹாலியின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ். நாணயம் சுண்டிப் பார்த்ததில் வாலன்ஸ் பக்கம் விழுந்து, அவர் ஏறினார்.

அப்போது மெக்லீன் 13 வயதுச் சிறுவர். வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்த கட்டைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் இந்தச் செய்தி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1971இல், எட்டரை நிமிடப் பாட்டாக அது வெளியே வந்தது. நீளம் தாங்காமல் இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்துப் போட வேண்டியிருந்தது. மற்ற வரிகளில் யார் யாரைக் குறிக்கிறார் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். செய்தித்தாள் போடும் சிறுவனின் குளிர்ந்த விரல்களுக்கு மேல் எனக்கு அதில் எதுவும் தேவைப்பட்டதில்லை.

*நாங்கள் மெல்லிசைக் குழு நடத்திய காலத்தில் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் கடைசிக் கிட்டார் பகுதியை இரண்டு பேராகப் பயிற்சி செய்ய மூன்று மாதம் ஆனது. அது பதிவுக்கூடத்தில் அந்த நேரத்திலேயே தோன்றியதா, எழுதி வைத்து வாசித்ததா? பாட்டில் பேய் வழிபாடு இருக்கிறது என்பதும் உண்மையா?*
— வாசகர், தஞ்சாவூர்

பேய் வழிபாட்டை முதலில் ஒதுக்கிவிடுவோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் செல்வச் செழிப்பும் போதையும், உள்ளே போனவரை வெளியே விடாத அதன் பிடியும்தான் பாட்டின் பொருள் என்று அதைப் பாடிய டான் ஹென்லி பலமுறை விளக்கியிருக்கிறார். அட்டைப் படத்தில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் விடுதிக் கட்டடம்; அப்படியொரு பெயருடைய விடுதியைப் பாட்டுக்காகத் தேடிப் போக வேண்டியதில்லை.

கிட்டாருக்கு வருவோம். ஈகிள்ஸ் குழுவின் டான் ஃபெல்டர் மாலிபு கடற்கரையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பன்னிரண்டு தந்திக் கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கையில் விழுந்தது இந்தச் சுரவரிசை. அதை நான்கு தடக் கருவியில் பதிந்து, வேறு பல இசைத் துணுக்குகளோடு ஒரே கேசட்டில் ஹென்லிக்கும் கிளென் ஃப்ரேக்கும் கொடுத்தார். அவர்கள் இதற்கு வைத்த தற்காலிகப் பெயர் 'மெக்சிகன் ரெகே'. பதிவின்போது சுருதி ஹென்லியின் குரலுக்கு எட்டாமல் போனதால், இறக்கி மறுபடியும் பதிய வேண்டியிருந்தது.

கடைசிப் பகுதிக்கு மியாமியில் உட்கார்ந்தபோது ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மனத்தில் தோன்றுவதை வாசிக்கத் தொடங்கினார்கள். ஹென்லி நிறுத்திவிட்டார். அந்தப் பழைய கேசட்டில் இருப்பது போலவே வர வேண்டும் என்றார். ஃபெல்டருக்கோ ஓராண்டுக்கு முன் வாசித்தது நினைவில் இல்லை. கேசட் நாட்டின் மறுகோடியில் அவர் வீட்டில் கிடந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்து, கேசட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, ஒலிப்பெட்டியில் போட்டுத் தொலைபேசியை அதன் அருகில் பிடிக்கச் செய்து, இந்தப் பக்கம் அதைக் கேட்டுப் பதிந்து, தம் வாசிப்பைத் தாமே பாடம் செய்தார். ஆகவே, நீங்கள் மூன்று மாதம் மனப்பாடம் செய்ததை இயற்றியவரும் மனப்பாடம் செய்துதான் வாசித்திருக்கிறார். அந்தப் பெண்மணியின் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

*போனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' வரிகள் எங்கள் வேதாகமத்தில் சங்கீதம் 137இல் அப்படியே இருக்கின்றன. நடனமாடும் பாட்டுக்கு ஏன் அழுகைப் பாட்டை எடுத்தார்கள்?*
— வாசகி, பாளையங்கோட்டை

நீங்கள் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எருசலேம் அழிக்கப்பட்டு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அந்நிய மண்ணில் நம் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று அழுத சங்கீதம் அது. பாட்டில் சங்கீதம் 19இன் கடைசி வசனமும் கலந்திருக்கிறது.

ஆனால் இதை முதலில் மெட்டமைத்துப் பாடியவர்கள் போனி எம் அல்லர். ஜமைக்கா நாட்டின் மெலோடியன்ஸ் குழுவில் பிரென்ட் டோவும் டிரெவர் மெக்நாட்டனும் சேர்ந்து இயற்றி 1970இல் வெளியிட்டார்கள். எத்தியோப்பியப் பேரரசரை இறைவனாகப் போற்றும் ஜமைக்காவின் ரஸ்தஃபாரி சமயத்தைச் சேர்ந்தவர்களுக்கு பாபிலோன் என்பது பழைய நகரம் மட்டுமன்று. ஆப்பிரிக்காவிலிருந்து தம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அடிமை வணிகமும், அதன் வழிவந்த ஆட்சியும் காவல்துறையும் சேர்ந்ததற்கு அவர்கள் வைத்த பெயர் அது. அதனால்தான் ஆண்டவரைக் குறித்த இடத்தில் 'கிங் ஆல்ஃபா' என்று எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லே செலாசியை வைத்துப் பாடினார்கள். ஜமைக்கா அரசு முதலில் இதை வானொலியில் ஒலிபரப்பத் தடை விதித்தது. வேதாகம வசனத்துக்கா தடை என்ற கேள்வி எழுந்து, தடை நீங்கிற்று.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1978இல், ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் அதைப் போனி எம் குழுவுக்காக எடுத்தபோது 'கிங் ஆல்ஃபா' போய்ப் பொதுவான ஆண்டவர் பெயர் வந்தது. மேடையில் துள்ளிக் குதித்த பாபி ஃபாரல் பதிவுகளில் பாடவே இல்லை. அந்த ஆண் குரல்கள் பெரும்பாலும் ஃபாரியனுடையவை. ஆனால் பெண் குரல் லிஸ் மிட்சலுடையது. அவரும் உடன் பாடிய மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்து சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர்கள். தாளத்தை எவ்வளவு ஆட்டமாக அடித்தாலும் அந்தக் குரலில் ஏக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்து, பின்பக்கத்துப் பாடலின் துணையோடு 20 லட்சத்தை நெருங்கி விற்றது. அவ்வளவு பேரில் எத்தனை பேர் சங்கீதம் 137ஐப் புரட்டினார்களோ தெரியாது; நீங்கள் புரட்டியிருக்கிறீர்கள்.

*'த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' பாடலை என் பேத்தி 'த லயன் கிங்' படத்தில் கேட்டு நாள் முழுவதும் பாடுகிறாள். நான் இளைஞனாக இருந்தபோதே கேட்ட பாட்டு இது. உண்மையில் எழுதியவர் யார்?*
— வாசகர், திருச்சிராப்பள்ளி

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற பதில்களைச் சுருக்கினேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், மசிங்கா என்ற ஊர்ப்புறத்தில் 1909இல் பிறந்த சாலமன் லிண்டா என்ற ஜூலு இனத்தவர் எழுதியது. 'எழுதியது' என்ற சொல்கூடப் பொருந்தாது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் வந்து, இசைத்தட்டு நிறுவனமான காலோவின் தொழிற்கூடத்தில் தட்டுகளைப் பொதி கட்டும் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் ஊர்க்காரர்களைச் சேர்த்து 'மாலைப் பறவைகள்' என்று பொருள்படும் பெயரில் பாட்டுக் குழு நடத்தினார். 1939இல் அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிந்தார்கள். ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். சிறுவனாக மாடு மேய்த்தபோது சிங்கத்திடமிருந்து கன்றுகளைக் காத்த நினைவு அதில் இருக்கிறது. தடித்த குரல்கள் 'உயிம்பூபே' ('நீ சிங்கம்') என்று அடித்தளமாக முழங்க, அவற்றின் மேல் லிண்டாவின் குரல் உச்சியில் சுதந்திரமாகத் திரியும்.

அந்தத் தட்டு ஆப்பிரிக்காவில் ஒரு லட்சம் பிரதிகள் அளவுக்கு விற்றது. அந்தப் பாணிக்கே பிறகு 'ம்பூபே' என்று பெயர் வந்துவிட்டது. உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்ததற்கு லிண்டாவுக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தட்டு நாட்டுப்பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாக அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் கைக்குப் போயிற்று. அவர் காதுக்கு 'உயிம்பூபே' என்பது 'விமோவே' என்று கேட்டது. வேற்றுமொழிப் பாட்டை நாம் தப்பும் தவறுமாகப் பாடியதைப் போலத்தான்; அதில் குற்றமில்லை. அவருடைய வீவர்ஸ் குழு அந்தப் பெயரிலேயே பாடிப் பெயர் பெற்றது. ஆனால் பாட்டை இயற்றியவர் இடத்தில் 'பால் கேம்பல்' என்று அச்சிட்டார்கள். அப்படியொரு மனிதரே கிடையாது. நாட்டுப்பாடல்களுக்கு வரும் ராயல்டியைப் பெறுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர் அது. சீகர் தம் பங்காக லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1961இல் ஜார்ஜ் டேவிட் வைஸ் என்பவர் இதற்கு ஆங்கில வரிகள் எழுதினார். லிண்டா பதிவின் இறுதியில் அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடிய ஒரு சின்னச் சஞ்சாரத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பாட்டின் முதன்மை மெட்டாக்கினார். டோக்கன்ஸ் குழு பாடிய அந்த வடிவம் அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. நீங்கள் இளைஞராக இருந்தபோது கேட்டது அதுவாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு அக்டோபரில் லிண்டா காலமானார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நடக்கூடக் குடும்பத்தாரிடம் பணமில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. மகள்கள் சொவேட்டோவில் வறுமையில் வாழ்ந்தார்கள்.

ரையன் மலான் என்ற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் 2000ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்டோன் இதழில் இந்தக் கணக்கை எல்லாம் வரி வரியாக எழுதினார். பாட்டு அதுவரை ஈட்டியிருக்கக்கூடியது 1.5 கோடி டாலர் என்பது அவர் மதிப்பீடு. அதன் பிறகு வழக்கறிஞர் ஓவன் டீன் ஒரு பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளர் உயிரோடு இருந்தபோது உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் 1939இல் பிறந்த பாட்டுக்கும் இது பொருந்தும். அதாவது, 1987 முதல் அந்தப் பாட்டு லிண்டாவின் பிள்ளைகளுடையது. அவர்களுக்குத்தான் அது தெரியாது.

2004இல், 'த லயன் கிங்' படத்தை எடுத்த டிஸ்னி நிறுவனத்தின் மீது தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2006 பிப்ரவரியில் பாட்டின் உரிமையை வைத்திருந்த பதிப்பு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, நிலுவைக்கும் இனி வரும் வருவாய்க்கும் வாரிசுகளுக்குப் பங்கு கிடைத்தது. சாலமன் லிண்டா என்ற பெயரும் இயற்றியவர்கள் வரிசையில் ஏறியது.

1939ஆம் ஆண்டுப் பதிவு இன்று எளிதில் கேட்கக் கிடைக்கிறது. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். மூன்று நிமிடம்கூட இராது. கீறல் சத்தம் நிறைய இருக்கும். முதல் இரண்டு நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்த மெட்டு வராது, இது வேறு பாட்டு என்று சொல்வாள். பொறுத்திருக்கச் சொல்லுங்கள். முடியும் தறுவாயில், மற்றவர்கள் முழங்கிக்கொண்டிருக்க, லிண்டாவின் குரல் ஒரே ஒரு முறை அந்த மெட்டைப் பாடும்.